தன் கட்சியே போர் கேட்டபோது: இன்றைய அதிபர் ஜான் ஆடம்ஸிடம் படிக்க வேண்டியது

இன்று வெள்ளை மாளிகையில் இருக்கும் ஒருவர், அமெரிக்காவின் தொடக்ககால அதிபர்களில் யாரிடமிருந்து தலைமைப் பண்பைக் கற்றுக்கொள்ளலாம் என்பது கேள்வி. வழக்கமாக வரும் பதில் ஜார்ஜ் வாஷிங்டன். இரண்டு தவணை போதும் என்று ஊருக்குத் திரும்பியவர். அந்தப் பெருமையில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் வாஷிங்டன் நின்ற இடத்தில் வேறு எவரும் நிற்கப்போவதில்லை. இரண்டு தேர்தலிலும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் ஒருவர் விடாமல் அவருக்கே வாக்களித்தார்கள். இன்றைய அதிபருக்கு அப்படிப்பட்ட நாடு கிடைப்பதில்லை. பாதிப் பேர் அவரை வெறுக்கிறார்கள். ஆதரிக்கும் பாதியிலும் பலர் இன்னும் கடுமை காட்டச் சொல்லி நெருக்குகிறார்கள். இந்த நெருக்கடிக்குள் முதன்முதலாக அகப்பட்டவர் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸ். ஆண்டது 1797 முதல் 1801 வரை ஒரே ஒரு தவணை. மறுதேர்தலில் தோற்றார். தன் சொந்தக் கட்சி போருக்குத் துடித்துக்கொண்டிருந்தபோது, நாட்டுக்குப் போர் தேவையில்லை என்று தானே முடிவெடுத்து, அதை நிறைவேற்றியும் காட்டினார். கற்க வேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அவரே அப்படித்தான் நினைத்தார். 1815-இல், எண்பதை நெருங்கும் வயதில், ஒரு கடிதத்தில் தன் கல்லறையில் என்ன பொறிக்கப்பட வேண்டும் என்று எழுதினார்: "1800-ஆம் ஆண்டில் பிரான்சுடன் சமாதானம் செய்யும் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட ஜான் ஆடம்ஸ் இங்கே உறங்குகிறார்." சுதந்திரப் பிரகடனத்துக்காக வாதாடியவர், பிரிட்டனுடன் 1783-இல் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அரசியலமைப்பை எழுதியவர். அவற்றையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, தனக்குப் பதவியைப் பறித்த ஒரு முடிவைத்தான் அவர் தேர்ந்துகொண்டார்.

அந்த முடிவைப் புரிந்துகொள்ள 1797-க்குப் போக வேண்டும். ஆடம்ஸ் ஜெயித்தது மூன்றே வாக்குகளில்: தேர்வாளர் குழுவில் அவருக்கு 71, தாமஸ் ஜெபர்சனுக்கு 68. அன்றைய விதிப்படி இரண்டாமிடம் பெற்றவர் துணை அதிபர். எனவே எதிர்க்கட்சித் தலைவரே அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதைவிடப் பெரிய சிக்கல் அமைச்சரவையில் இருந்தது. வாஷிங்டன் நியமித்த அமைச்சர்களை ஆடம்ஸ் அப்படியே வைத்துக்கொண்டார். வெளியுறவு அமைச்சர் திமோதி பிக்கரிங், நிதியமைச்சர் ஆலிவர் வோல்காட், போர்த்துறை அமைச்சர் ஜேம்ஸ் மக்ஹென்றி மூவரும் யோசனை கேட்டது நியூயார்க்கில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனிடம். அப்போது எந்த அரசுப் பதவியிலும் இல்லாத ஹாமில்டன், ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சிக்கு உண்மையான தலைவராக இருந்தார். அதிபர் ஒரு விஷயத்தில் அமைச்சர்களிடம் கருத்துக் கேட்டால், கேள்வி நியூயார்க்குக்குப் போய், ஹாமில்டன் எழுதிய பதில் அமைச்சரின் பதிலாக அதிபரிடம் திரும்பி வந்தது. கூட இருந்தே குழி பறிப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வெளியே பிரான்ஸ். தன்னோடு போரில் இருந்த பிரிட்டனுடன் அமெரிக்கா செய்துகொண்ட ஜே ஒப்பந்தத்தால் கோபமடைந்த பாரிஸ் அரசு, அமெரிக்க வணிகக் கப்பல்களைக் கடலில் பிடிக்கத் தொடங்கியது. ஓராண்டுக்குள் 300-க்கும் மேற்பட்ட கப்பல்கள் பறிபோயின. ஆடம்ஸ் பேசித் தீர்க்க மூன்று தூதர்களை அனுப்பினார்: சார்ல்ஸ் பிங்க்னி, ஜான் மார்ஷல், எல்பிரிட்ஜ் கெர்ரி. பாரிஸில் வெளியுறவு அமைச்சர் டாலிராண்டின் இடைத்தரகர்கள் அவர்களைச் சந்தித்து, பேச்சைத் தொடங்க வேண்டுமானால் அமைச்சருக்குச் சுமார் 2,50,000 டாலர் லஞ்சமும், பிரான்சுக்குப் பெருங்கடனும் வேண்டும் என்றார்கள். 1798 ஏப்ரலில் அந்தக் கடிதங்கள் வெளியானபோது தரகர்களின் பெயர்களுக்குப் பதில் எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்துகள் போடப்பட்டிருந்தன. வரலாற்றில் அதுவே பெயராகிவிட்டது.

நாடு கொதித்தது. வாழ்நாளில் மக்கள் செல்வாக்கை அதிகம் அனுபவித்திராத ஆடம்ஸ் ஒரே மாதத்தில் நாயகனானார். ஊர் ஊராக ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன. அவரும் ஒவ்வொன்றுக்கும் ஆவேசமாகப் பதில் எழுதினார். அந்தப் போர் வெறிக்கு எண்ணெய் ஊற்றியதில் அவருக்கும் பங்குண்டு. சரியாகச் செய்தவர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் தொடக்கம் முதலே தெளிவாக இருந்ததாகக் காட்டிவிடுவது எளிது. ஆடம்ஸ் அப்படி இருக்கவில்லை. 1798 கோடையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போர்ப் பிரகடனம் கேட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கொதிப்பின் உச்சத்திலும் அவர் ஒரு வாசகத்தை மிகக் கவனமாக எழுதினார். 1798 ஜூன் 21 அன்று காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், பெரிய, சுதந்திரமான, வலிமைமிக்க, யாருக்கும் கட்டுப்படாத ஒரு நாட்டின் பிரதிநிதியாக வரவேற்கப்பட்டு மதிக்கப்படுவார் என்ற உறுதி கிடைக்காமல் பிரான்சுக்கு இன்னொரு தூதரை அனுப்பவே மாட்டேன் என்றார். கேட்டவர்கள் இதைக் கதவடைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரு நிபந்தனை. உறுதி கொடுத்தால் அனுப்புவேன் என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்கும் நிறைவு தந்து, எதிரிக்கும் திரும்பிவரும் வழியைக் காட்டிய வாக்கியம் அது. டாலிராண்ட் அதைச் சரியாகவே படித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 28 அன்று எழுதிய கடிதத்தில் ஆடம்ஸின் சொற்களையே ஏறத்தாழ அப்படியே திருப்பிச் சொல்லி, வரும் தூதர் அந்த மரியாதையோடு வரவேற்கப்படுவார் என்று உறுதி அளித்தார். எல்லா வாய்ப்புகளும் மேசையில் இருக்கின்றன என்று மிரட்டிப் பேசும் இன்றைய அதிபர்கள், எதிராளி எதைச் செய்தால் மிரட்டல் விலகும் என்பதையும் அதே பேச்சில் சொல்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்த பாடம் தகவல். பிக்கரிங்கின் அலுவலகம் வழியாக வந்த செய்திகளை மட்டும் நம்பியிருந்தால், பிரான்ஸ் எந்த நேரமும் படையெடுத்துவரும் என்றே ஆடம்ஸ் நினைத்திருப்பார். அவரிடம் வேறு கண்களும் இருந்தன. மூத்த மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் பெர்லினில் தூதராக இருந்தார். ஹேக் நகரில் தூதராக இருந்த வில்லியம் வான்ஸ் மரே, டாலிராண்ட் அனுப்பிய பிஷோன் என்பவரோடு தனியாகப் பேசி, பாரிஸின் மனம் மாறுகிறது என்று நேரடியாக அதிபருக்கே எழுதினார். கட்சிக்காரர்கள் துரோகி என்று தூற்றிய கெர்ரி 1798 அக்டோபரில் திரும்பி வந்தபோது, ஆடம்ஸ் அவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேட்டார். கெர்ரியும் அதையே சொன்னார். இதற்கிடையே ஆகஸ்டில் எகிப்து அருகே நைல் சண்டையில் பிரெஞ்சுக் கடற்படையை பிரிட்டிஷ் தளபதி நெல்சன் நொறுக்கியிருந்தார். கப்பல் இல்லாமல் படையெடுப்பது எப்படி? சொர்க்கத்தில் பிரெஞ்சுப் படையைப் பார்க்கும் வாய்ப்பு எவ்வளவோ, இங்கே பார்க்கும் வாய்ப்பும் அவ்வளவே என்று போர்த்துறை அமைச்சருக்கு எழுதினார் ஆடம்ஸ். எல்லோரும் ஒரே பக்கம் இழுக்கும் அறையில் இருந்துகொண்டு, அறைக்கு வெளியிலிருந்து வரும் மூன்று நான்கு தனித்தனிக் குரல்கள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்தார். இன்று உளவுத் துறைகள் பல இருந்தும், அதிபரின் காதுக்கு எட்டும் செய்தி பல கைகளால் வடிகட்டப்பட்டே போகிறது. வடிகட்டும் கை யாருடையது என்று தெரிந்து வைத்திருப்பது அதிபரின் வேலை.

இன்னொரு பக்கம், புதிய தரைப்படை. பிரான்சைத் தடுக்க என்று சொல்லி காங்கிரஸ் அனுமதித்த அந்தப் படைக்கு வாஷிங்டன் பெயரளவில் தலைவர். வாஷிங்டனின் வற்புறுத்தலால் ஹாமில்டனையே இரண்டாம் இடத்தில் நியமிக்க வேண்டியதாயிற்று. ஆடம்ஸ் விரும்பியது வேறு ஆளை. ஹாமில்டனின் மனத்திலோ பெரிய திட்டங்கள் இருந்தன. ஸ்பெயின் வசமிருந்த புளோரிடா, லூசியானா பகுதிகளைப் பிடிப்பது ஒன்று. எதிர்க்கட்சியின் கோட்டையான வர்ஜீனியா பக்கம் படையை நகர்த்தி அதன் பணிவைச் சோதித்துப் பார்ப்பது இன்னொன்று. படைக்குச் செலவிட வீடு, நிலம், அடிமைகள் மீது 20 லட்சம் டாலர் நேரடி வரி வந்தது. வரப்போகாத எதிரிக்காக வரி, வரியால் மக்கள் கோபம், கோபத்தை அடக்க அதே படை என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போகும் சங்கிலியை ஆடம்ஸ் கண்டுகொண்டார்.

அவர் நம்பியது கடற்படையை. 1798 ஏப்ரல் 30 அன்று தனிக் கடற்படைத் துறை உருவானது. மேரிலாந்து வணிகர் பெஞ்சமின் ஸ்டாடர்ட் அதன் அமைச்சரானார். அமைச்சரவையில் ஹாமில்டனின் வட்டத்துக்குள் சிக்காமல் ஆடம்ஸிடம் விசுவாசமாக இருந்தவர்களில் முக்கியமானவர் அவர். 1799 பிப்ரவரி 9 அன்று கரீபியக் கடலில் நெவிஸ் தீவருகே தாமஸ் டிரக்ஸ்டன் நடத்திய கான்ஸ்டலேஷன் கப்பல், லான்சுர்ஜாந்த் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலைச் சண்டையிட்டுப் பிடித்தது. வணிகக் கப்பல்கள் மீண்டும் நிம்மதியாக ஓடத் தொடங்கின. சமாதானம் பேசப் போனவர் கையில் வலிமை இருந்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எதைக் காக்க வேண்டுமோ அதைக் காக்கும் ஆயுதத்தை மட்டும் அவர் வளர்த்தார். உள்நாட்டு மக்கள்மேல் திருப்பக்கூடியதை வளரவிடவில்லை.

இனி அந்த நாள். 1799 பிப்ரவரி 18, அன்றைய தலைநகர் பிலடெல்பியா. காங்கிரசின் மேலவையான செனட் கூடியிருக்கிறது, தலைமை இருக்கையில் துணை அதிபர் ஜெபர்சன். அதிபரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. ஜெபர்சன் பிரித்து வாசிக்கிறார். வில்லியம் வான்ஸ் மரேயைப் பிரான்சுக்கான தூதராக நியமிக்கிறேன், செனட் ஒப்புதல் தர வேண்டும் என்று நாலைந்து வரிகள். கூடவே டாலிராண்டின் உறுதிமொழிக் கடிதத்தின் நகல். ஃபெடரலிஸ்ட் உறுப்பினர்களுக்குத் தங்கள் காதுகளையே நம்ப முடியவில்லை. அமைச்சர்களில் ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. வெளியுறவு அமைச்சருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அன்று மாலையே ஹாமில்டனுக்கு ஆள் போயிருக்கும், மறுநாள் கட்சி முழுவதும் தடுப்பு வேலையில் இறங்கியிருக்கும்.

யாரையும் கேட்காமல் முடிவெடுத்தாரே, இதுவா தலைமை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் மாதக்கணக்கில் அவர் எல்லோரையும் கேட்டிருந்தார். 1798 அக்டோபரிலேயே, புதிய தூதரை அனுப்புவது பற்றி அமைச்சர்களின் கருத்தை எழுத்தில் கேட்டார். வந்த பதில்கள் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டு முடித்த பிறகு, முடிவைத் தன் கையில் வைத்துக்கொண்டார். எல்லோரையும் கலந்தாலோசிப்பதும், எல்லோரின் அனுமதிக்காகக் காத்திருப்பதும் வேறு வேறு. முதலாவதை அவர் விடவில்லை. இரண்டாவதற்கு அவர் கட்டுப்படவில்லை.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. செனட்டின் ஃபெடரலிஸ்ட் குழு ஒன்று வீடு தேடி வந்தது. பிடிவாதமாக எதிர்த்தால் பதவியை விட்டுப் போய்விடுவேன், ஜெபர்சன் உட்காரட்டும் என்று ஆடம்ஸ் மிரட்டியதாகவும் சொல்லப்படுகிறது. கடைசியில் ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தார்: ஒருவருக்குப் பதில் மூவர் போகட்டும். தலைமை நீதிபதி ஆலிவர் எல்ஸ்வொர்த், மரே, மூன்றாவதாக பேட்ரிக் ஹென்றி. ஹென்றி உடல்நிலை காரணமாக மறுக்கவே, வட கரோலினா ஆளுநர் வில்லியம் டேவி. பிரான்சிடமிருந்து நேரடி உறுதி வந்த பிறகே அமெரிக்காவிலிருந்து தூதர்கள் கப்பல் ஏற வேண்டும் என்பதையும் ஏற்றார். எத்தனை பேர், எப்போது என்பதில் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர், போகவேண்டுமா என்பதில் விடவில்லை.

அதன்பின் அவர் செய்தது பெரிய தவறு. மார்ச்சில் மாசசூசெட்ஸில் இருக்கும் குவின்சி ஊரிலுள்ள தன் பண்ணை வீட்டுக்குப் போய், செப்டம்பர் கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டார். கடிதம் வழியாகவே ஆட்சி. பிரான்சின் உறுதி கோடையில் வந்து சேர்ந்தும், பிக்கரிங் ஏதாவது காரணம் சொல்லித் தூதர்களின் பயணத்தைத் தள்ளிக்கொண்டே போனார். ஒப்பமிட்ட உத்தரவு நிறைவேறிவிட்டதா என்று தொடர்ந்து பார்க்காத தலைவரின் உத்தரவு வெறும் காகிதம்தான். ஸ்டாடர்ட் இரண்டு முறை கடிதம் எழுதி, நீங்கள் இங்கே வந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்திய பிறகே ஆடம்ஸ் புறப்பட்டார்.

பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்ததால் அரசு அலுவலகங்கள் நியூஜெர்சியில் டிரென்டன் என்ற சிற்றூருக்கு மாறியிருந்தன. அக்டோபர் 10 அன்று கடும் சளியோடு ஆடம்ஸ் அங்கே வந்து சேர்ந்து, திருமணமாகாத சகோதரிகள் இருவரின் வீட்டில் அறையெடுத்துத் தங்கினார். படைவேலை என்று சொல்லிக்கொண்டு ஹாமில்டனும் அதே ஊருக்கு வந்தார். அதிபரைச் சந்தித்து, தூதர்களை நிறுத்தும்படி மணிக்கணக்கில் வாதாடினார். ஆடம்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, கிறிஸ்துமசுக்குள் பிரான்சில் பூர்போன் மன்னராட்சி திரும்பிவிடும், பிறகு இந்தத் தூதர்கள் யாரிடம் பேசுவார்கள் என்பது ஹாமில்டனின் வாதம். அதை நம்புவதைவிடச் சூரியனும் சந்திரனும் பாதை விட்டு விழும் என்று நம்புவேன் என்றார் ஆடம்ஸ். முன்கோபத்துக்குப் பேர்போன மனிதர், அன்று கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். 15-ஆம் தேதி இரவு அமைச்சர்களோடு உட்கார்ந்து தூதர்களுக்கான அறிவுரைகளை வரிவரியாக முடித்தார். பயணம் போகலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மறுநாள் காலை உத்தரவு போனது: மாத இறுதிக்குள், தவறினால் நவம்பர் 1-க்குள், தூதர்கள் கப்பல் ஏற வேண்டும். நவம்பர் 3 அன்று எல்ஸ்வொர்த்தும் டேவியும் யுனைடெட் ஸ்டேட்ஸ் போர்க்கப்பலில் புறப்பட்டார்கள்.

அவர்கள் கடலில் இருக்கும்போதே பாரிஸில் ஆட்சி மாறியது. வந்தவர் மன்னர் அல்லர், நெப்போலியன். அவருக்கு ஐரோப்பாவில் வேலை நிறைய இருந்தது. அமெரிக்காவோடு சண்டை வேண்டியிருக்கவில்லை. அவருடைய அண்ணன் ஜோசப் தலைமையில் பேச்சு நடந்து, 1800 செப்டம்பர் 30 தேதியிட்ட உடன்படிக்கை ஜோசப்புக்குச் சொந்தமான மோர்ட்ஃபோந்தேன் மாளிகையில் கொண்டாடப்பட்டது. 1778 முதல் அமெரிக்காவைக் கட்டிப்போட்டிருந்த பிரெஞ்சுக் கூட்டணி முடிந்தது; கடல் சண்டையும் நின்றது.

இடையில் 1800 மே மாதத்தில் ஆடம்ஸ், மூன்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். மக்ஹென்றியை ராஜினாமா செய்யவைத்தார். பிக்கரிங் ராஜினாமா செய்ய மறுத்ததால் 12-ஆம் தேதி பதவி நீக்கினார். வெளியுறவுத் துறைக்கு ஜான் மார்ஷல் வந்தார். மக்ஹென்றியிடம் அவர் கத்தித் தீர்த்த விதம் பெருந்தன்மையாக இல்லை. மக்ஹென்றி ஒவ்வொரு சொல்லையும் எழுதி ஹாமில்டனிடம் சேர்த்தார். காலத்தில் அமைதியாகச் செய்திருந்தால் ஒரு வரி அறிவிப்போடு முடிந்திருக்கும். முன்னவர் வைத்துவிட்டுப் போன ஆட்களை மரியாதைக்காக வைத்துக்கொள்வது எவ்வளவு விலை கேட்கும் என்று இன்றைய அதிபர்களுக்குப் பொதுவாகத் தெரிகிறது. ஆனால் அவர்கள் எதிர்ப்பக்கமாக வழுக்குகிறார்கள்: தலையாட்டுபவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஸ்டாடர்ட் தலையாட்டியது கிடையாது. தூதர்களை அனுப்பும் நேரம் குறித்து அவருக்கும் தயக்கம் இருந்தது. எனினும் அதிபருக்குத் தெரிய வேண்டியதை மறைக்காமல் அதிபருக்கே எழுதினார். தேட வேண்டிய ஆள் அப்படிப்பட்டவர்.

அதே மே மாதத்தில் நடந்த இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த வீட்டு வரிக்கு எதிராகப் பென்சில்வேனியாவின் ஜெர்மன் மொழி பேசும் விவசாயிகள் கிளர்ந்தபோது, ஏலம் கூறும் தொழில் செய்த ஜான் ஃப்ரைஸ் ஒரு கூட்டத்தோடு போய், கைதானவர்களை விடுவித்திருந்தார். உயிர்ச்சேதம் ஏதுமில்லை. இரண்டு முறை வழக்கு நடந்து, தேசத்துரோகம் என்று தூக்குத் தண்டனை. அமைச்சர்கள் தண்டனை நிறைவேற வேண்டும் என்றார்கள். ஆடம்ஸ் ஃப்ரைஸின் வக்கீல்களிடம் வாதக் குறிப்புகளைக் கேட்டு வாங்கித் தானே படித்தார். கலவரம் வேறு, நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது வேறு என்று முடிவுசெய்து, தூக்குக்குக் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மே 21 அன்று, ஃப்ரைஸுக்கும் கூட இருந்தவர்களுக்கும் மன்னிப்பு அளித்தார். 1770-இல் பாஸ்டனில் ஐந்து பேரைச் சுட்டுக்கொன்ற வழக்கில், ஊரே வெறுத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக வாதாடிய அதே வக்கீல் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உள்ளே இருந்தார் என்று எனக்குத் தோன்றும். மன்னிக்கும் அதிகாரத்தைத் தன் ஆட்களுக்காகவே செலவிடும் அதிபர்கள், தன் ஆட்சியையே எதிர்த்துக் கிளர்ந்தவருக்காக அதைச் செலவிட்ட இவரைப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு 1798-இன் சட்டங்களை மறைத்தால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். அந்த ஜூலை 14 அன்று ஆடம்ஸ் கையெழுத்திட்ட தேசத்துரோகப் பேச்சுச் சட்டம், அதிபரையும் காங்கிரசையும் பற்றிப் பொய்யாகவும் கெட்ட நோக்கோடும் எழுதுவதைக் குற்றமாக்கியது. துணை அதிபர் மட்டும் அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. அவர் ஜெபர்சன் அல்லவா! சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெர்மான்ட் மாநிலப் பிரதிநிதி மாத்யூ லயன், அதிபருக்கு ஆடம்பரத்திலும் முகஸ்துதியிலும் அளவற்ற தாகம் என்ற பொருளில் எழுதியதற்காக நான்கு மாதம் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். வாக்காளர்கள் அவரைச் சிறையில் இருக்கும்போதே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1801 பிப்ரவரியில், தேர்தலில் சமவாக்கு பெற்ற ஜெபர்சனா, அவர் கட்சியின் ஆரன் பர்ரா என்று பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்தபோது, கடைசிச் சுற்றில் வெர்மான்டின் வாக்கை ஜெபர்சனுக்குப் போட்டவர் அதே லயன். இந்தச் சட்டத்தை ஆடம்ஸ் கேட்டு வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் தடுக்கவில்லை, வழக்குகளுக்கும் ஒப்புதல் தந்தார். போர் விஷயத்தில் கட்சியை எதிர்த்து நிற்க முடிந்தவர், தன்னைத் திட்டுபவர்கள் விஷயத்தில் கட்சியோடு போய்விட்டார். மனம் புண்பட்ட இடத்தில் மனிதர் சறுக்கினார்.

தேசத்துரோகப் பேச்சுச் சட்டம் 1801-இல் காலாவதியானது. 1798-இன் அதே கோடையில், ஜூலை 6 அன்று கையெழுத்தான, போர்க்காலத்தில் எதிரி நாட்டவரைப் பிடிக்கவும் நாடு கடத்தவும் இடம் தரும் அந்நிய எதிரிகள் சட்டமோ இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய, ஜெர்மானிய, இத்தாலியக் குடிமக்களைக் காவலில் வைக்க அதைப் பயன்படுத்தினார்கள். 2025 மார்ச்சில், போர் எதுவும் பிரகடனம் ஆகாத நிலையில், வெனிசுவேலாவைச் சேர்ந்த ஒரு குற்றக் கும்பலின் உறுப்பினர்கள் என்று சொல்லப்பட்டவர்களை நாடு கடத்த டிரம்ப் அரசு அதைக் கையில் எடுத்தது; விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. ஆடம்ஸின் ஆட்சியில் அந்தச் சட்டம் பயன்படவே இல்லை, ஏனென்றால் அவர் போரைப் பிரகடனமாக விடவில்லை. பதற்றத்தில் கையெழுத்திடும் சட்டத்தை, தான் நம்பாத ஒருவர் 200 ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணிப் பார்க்காத குறை அவருடையது.

1800 தேர்தல் எப்படி முடிந்தது என்று தெரியும். ஹாமில்டன் தன் கட்சியின் அதிபரையே தாக்கி 54 பக்கத் துண்டுநூல் வெளியிட்டார். உடன்படிக்கைச் செய்தி கடல் கடந்து நவம்பரில் வந்தபோது, பெரும்பாலான மாநிலங்களில் முடிவு தீர்மானமாகியிருந்தது. ஜெபர்சனுக்கும் பர்ருக்கும் 73 வீதம், ஆடம்ஸுக்கு 65. அந்த நவம்பர் இறுதியில் மகன் சார்ல்ஸும் இறந்துபோனார். தோல்வியை ஏற்க அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை, படையையோ நீதிமன்றத்தையோ நாடவில்லை. ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்கு அதிபர் பதவி முதன்முதலாகக் கை மாறியது அப்படித்தான். 1801 மார்ச் 4 விடியற்காலை நான்கு மணிக்கு, ஜெபர்சன் பதவியேற்கும் முன்பே, கோச்சு வண்டியேறி ஊருக்குப் போய்விட்டார். விழாவுக்கு இருந்திருக்கலாம், இருந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

சமாதானத்தின் பலன் அவர் கைக்கு வரவில்லை. அது போனது அவரைத் தோற்கடித்தவருக்கு. 1803-இல் நெப்போலியன், ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்கு வந்திருந்த லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. பிரான்சோடு போரில் இருந்த ஒரு நாட்டுக்கு அந்த விற்பனை நடந்திருக்காது. ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்துப் பெயர் வாங்கியவர் ஜெபர்சன். குவின்சியில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஆடம்ஸ், தன் கட்சிக்காரர்கள் பலர் எதிர்த்த அந்த வாங்கலை ஆதரித்தார்.